முடிச்சு எங்கே?

வாசகர்களுக்கு நான் ஒரு மன்னிப்புக் கடன் பட்டிருக்கிறேன். சென்ற வருஷம் பட்ட கடன். அதை இந்த இதழில் வட்டியோடு தீர்த்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பத்திரிகைக் காரியாலயத்தில் உதவி ஆசிரியனாக இருப்பவனுக்கு எத்தனையோ வேலைகள் உண்டு. அவற்றில் ஒன்று பள்ளம் நிரப்புவது. ரோட்டில் அல்ல, பக்கத்தில்! தொடர்கதையின் கதாநாயகி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, 'தொடரும்' என்று போட்டான பிறகு, கீழே மூன்று அங்குலம் காலியாக நிற்கும். "சார், மூணு அங்குலம்!" என்று பக்கம் அமைக்கும் நண்பர் குரல் கொடுப்பார். கதாநாயகியை இன்னும் கொஞ்சம் அழ வைக்கக் கதாசிரியர் சம்மதிக்க மாட்டார். ஆகவே ஒரு துணுக்கு எழுதியாக வேண்டும்.

அன்றைக்கும் அப்படித்தான். மணி ஆறு. வீட்டுக்குப் போகும் அவசரம். அலமாரியில் கைக்கு அகப்பட்ட பழைய புத்தகத்தைப் புரட்டினேன். தையல்காரக் குருவி என்ற தலைப்பு கண்ணில் பட்டது. ஐந்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். "இக்குருவி இலைகளைச் சேர்த்து வைத்து, அலகையே ஊசியாகக் கொண்டு தைத்து, நூலின் நுனியில் அழகாக ஒரு முடிச்சும் போட்டுவிடும். மனிதனிடம் குருவி கற்றதோ, குருவியிடம் மனிதன் கற்றானோ!"

கடைசி வாக்கியத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. அச்சுக் கோத்தது போன்ற கையெழுத்து.

"அன்புடையீர், வணக்கம். தங்கள் துணுக்கைப் படித்தேன். முடிச்சுப் போடும் என்று எழுதியிருக்கிறீர்கள். தாங்கள் பார்த்ததுண்டா? பார்க்க விரும்பினால் ஆடி முடிவதற்குள் வரவும். எங்கள் வீட்டுக் கொல்லையில் இப்போது தைத்துக்கொண்டிருக்கிறது. இப்படிக்கு, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்."

கீழே செங்கற்பட்டுக்கு அப்பால் ஒரு கிராமத்தின் விலாசம்.

எனக்குச் சுருக்கென்றது. பிழையைச் சுட்டிக் காட்டினால் பத்திரிகைக்காரன் முதலில் செய்வது, தான் சொன்னதுதான் சரி என்பதற்குச் சாட்சி தேடுவது. தேடினேன். கிடைத்தது! சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் சென்னை ராஜதானியில் ராணுவ வைத்தியராக இருந்த ஜெர்டான் துரை, இந்தியப் பறவைகளைப் பற்றி 1862 முதல் 1864 வரை வெளியிட்ட பெரிய நூலிலேயே, அந்தக் குருவி நூல் நுனியில் முடிச்சுப் போடுவதாக எழுதியிருக்கிறார். ஜெர்டான் துரையே சொல்லிவிட்டார். இந்த வாத்தியார் யார்?

இந்த மாதிரி ஒரு பதிலை மனசுக்குள் கம்பீரமாக எழுதிக்கொண்டேன். ஆனால், 'தாங்கள் பார்த்ததுண்டா?' என்ற அந்த இரண்டு வார்த்தைகள் மட்டும் செருப்பில் புகுந்த முள் மாதிரி, நடக்க நடக்கக் குத்திக்கொண்டே இருந்தன. நான் பார்த்ததில்லை. முடிச்சை மட்டுமல்ல, குருவியையே பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயிலேறிவிட்டேன்.

* * *

வாத்தியாருக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லியான தேகம். தோளில் துண்டு. என்னைக் கண்டதும், "வாங்க தம்பி, வருவீங்கன்னு நினைக்கலே" என்றார். எதற்காக வந்தேன் என்று நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவருடைய மனைவியார் மோர் கொண்டு வந்து கொடுத்தார். குடித்து முடித்ததும் கொல்லைப் பக்கம் அழைத்துப் போய், கிணற்றடி நிழலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, "உட்காருங்க. பேசக் கூடாது. கையை ஆட்டக் கூடாது" என்றார். ஏழாம் வகுப்புக்குத் திரும்பி வந்துவிட்டது போல் இருந்தது எனக்கு.

எதிரே வேலி. வேலி என்றால், கம்பி வேலியல்ல. நொச்சியும் ஆடாதோடையும் காரையும் சூரையும் பின்னிப் பிணைந்து, நடுவில் நுணாக் கன்றுகள் முளைத்து, மேலே கோவைக் கொடி படர்ந்து, ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற உயிர் வேலி. உள்ளே கை நுழையாது. கண்கூட நுழையாது. அந்த வட்டாரத்துப் பொட்டல் காடுகளில் இப்படித்தான் புதர் மண்டிக் கிடக்கும். அந்தக் காட்டில் ஒரு துண்டை வெட்டி வீட்டுக்குப் பின்னால் வைத்த மாதிரி இருந்தது.

பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு புதருக்குள்ளிருந்து ஒரு சத்தம். 'ட்வீ ட்வீ ட்வீ ட்வீ' என்று, மூச்சு விடாமல், காது கிழிகிறாற்போல.

"அணில்" என்றேன் மெதுவாக.

வாத்தியார் சிரித்தார். "ஊரிலே பாதிப் பேர் அப்படித்தான் நினைச்சிட்டிருக்காங்க. பாருங்க."

வாசகர்களே, அந்தச் சத்தத்தை நான் தினமும் கேட்கிறேன். எங்கள் காரியாலய ஜன்னலுக்கு வெளியே செம்பருத்தியும் அரளியும் மண்டிய ஒரு மூலை இருக்கிறது. ஏழெட்டு வருஷமாக அங்கிருந்து இதே சத்தம் வருகிறது. ஏழெட்டு வருஷமாக நான் அணிலைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்!

இலை ஒன்று அசைந்தது. அதன் பின்னாலிருந்து ஒரு சின்ன உருவம் எட்டிப் பார்த்தது. முதுகு இலைப் பச்சை. வயிறு வெளுப்பு. உச்சந்தலையில் துருப்பிடித்த இரும்பின் செம்மை. வால் மட்டும் குத்திட்டு மேல் நோக்கி நின்றது. வாலையும் சேர்த்து அளந்தால் நாலைந்து அங்குலம் தேறும். எடை ஆறு முதல் பத்து கிராம்தானாம். இத்தனை சிறிய தொண்டையிலிருந்தா அத்தனை பெரிய சத்தம் என்று மலைத்துப் போனேன். கத்தும்போது கழுத்தோரத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. மறுகணம் குருவியைக் காணோம். சத்தம் மட்டும் வேறொரு மூலையிலிருந்து வந்தது.

ரொம்பக் கூச்சம் அதற்கு. வானத்தில் பறந்து நான் பார்க்கவேயில்லை. கிளைக்குக் கிளை, இலைக்கு அடியில், மறைவிலிருந்து மறைவுக்குத் தாவுகிறது. புழுவையும் வண்டையும் சிறு பூச்சிகளையும் பொறுக்கித் தின்னுகிறது. ஊரெல்லாம் கேட்கக் கத்தும். ஒருவர் கண்ணிலும் படாது. (இந்தக் குணமுள்ள எழுத்தாளர்கள் இரண்டொருவரை எனக்குத் தெரியும்.)

* * *

"அந்த நுணாக் கன்று. இடுப்பு உயரத்திலே, இரட்டை இலை. அங்கே பாருங்க" என்று வாத்தியார் காதோடு சொன்னார்.

பார்த்தேன். பக்கத்துப் பக்கத்து இலைகள் இரண்டு, கைகூப்பினாற்போல் ஒன்றோடொன்று சாய்ந்திருந்தன. ஓரங்களைச் சிலந்தி நூல் இழுத்துப் பிடித்திருந்தது. குருவி வந்தது. வாயில் ஒரு துளிப் பஞ்சு. எருக்கங்காய் வெடித்துப் பறக்குமே, அந்த மாதிரிப் பஞ்சு. இலையின் ஓரத்தில் அலகால் ஒரு குத்து. கூர்ப்பான, நுனி சற்றே வளைந்த அலகு. துவாரம் விழுந்தது. பஞ்சை அதில் நுழைத்தது. எதிர் இலையில் ஒரு குத்து. அதன் வழியே இழுத்தது. அவ்வளவுதான். போய்விட்டது.

"முடிச்சு?" என்றேன்.

"அடுத்தாப்பலே பாருங்க."

மறுபடி வந்தது. மறுபடி அதே மாதிரி. ஒவ்வொரு தடவையும் தனித்தனிப் பஞ்சு, தனித்தனித் தையல். நம் வீட்டுத் தையல் மாதிரி ஒரே நூல் ஓடிக்கொண்டே போகவில்லை. முடிச்சுப் போடவும் இல்லை. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துப் போயிற்று. முடிச்சு வரவே இல்லை.

திண்ணைக்குத் திரும்பியதும் வாத்தியார் ஒரு பிஸ்கோத்து டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே ஒரு காய்ந்த கூடு. முந்திய வருஷத்துக் குஞ்சுகள் பறந்து போய், இலையும் உதிர்ந்த பிறகு எடுத்து வைத்தது. பூதக் கண்ணாடியையும் கையில் கொடுத்தார்.

அப்போதுதான் சூட்சுமம் புரிந்தது. துவாரம் ரொம்பச் சிறியது. அதன் வழியே வெளியே வந்த பஞ்சின் நுனி பிரிந்து, உப்பி, குடை விரித்தாற்போல் நிற்கிறது. உப்பிய பஞ்சு துவாரத்துக்குள் திரும்பிப் போக முடியாது. அதுவே பிடி. பட்டறையில் தகடுகளைச் சேர்த்து ரிவிட் அடிக்கிறார்களே, அந்த வித்தைதான். முடிச்சுக்கு அவசியமே இல்லை!

இன்னொரு விசேஷம். துவாரம் அத்தனை சிறிதாக இருப்பதால் இலை வாடுவதில்லை. காம்போடு மரத்திலேயே இருந்துகொண்டு, பச்சையாகவே இருக்கிறது. இலைப்பைக்குள் பஞ்சு மெத்தை. மெத்தையில் மூன்று நாலு முட்டை. சுமார் பன்னிரண்டு நாள் அடை. பொரிந்த பிறகு தாயும் தகப்பனும் மாறி மாறிப் பூச்சி கொண்டு வந்து கொடுக்கும். இத்தனையும் நடக்கிற வீடு, வெளியிலிருந்து பார்த்தால் வெறும் இரண்டு இலை. பூனைக்கும் தெரியாது, செம்போத்துக்கும் சுலபத்தில் தெரியாது. ஒரு தழையைக்கூடப் பறிக்காமல் வீடு கட்டிக்கொள்கிறது அந்தக் குருவி.

"மனுஷன் வீசி எறிஞ்ச நூலையும் சில சமயம் எடுத்துக்கும். அதிலே ஏற்கெனவே முடிச்சு இருந்தா, கூட்டிலேயும் முடிச்சு இருக்கும். அதைப் பார்த்துட்டு யாரோ எழுதியிருக்கலாம்" என்றார் வாத்தியார்.

நான் தோல்வியை ஒப்புக்கொண்டேன். "நீங்கள் சொன்னதுதான் சரி, ஐயா. ஆனால் இத்தனை சின்னப் பிழைக்கு..." என்று இழுத்தேன்.

"பத்திரிகையிலே வர பிழைக்கெல்லாம் நான் கார்டு போடறதில்லே தம்பி. அதுக்கு என் பென்ஷன் போதாது!" என்று சிரித்தவர், சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

* * *

"1974-ஆம் வருஷம். எனக்கு வேலை கிடைச்சு நாலு வருஷம். ஏழாம் வகுப்பு. இயற்கையின் விந்தைகள்னு ஒரு கட்டுரைப் பாடம். நீங்க எழுதினீங்களே, அதேதான் நானும் சொன்னேன். குருவி தைக்கும், நுனியிலே முடிச்சுப் போடும். கடைசி பெஞ்சிலே ஒரு பையன் எழுந்து நின்னான். வீட்டிலே ஆடு வளர்க்கிறவங்க. பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் காடு. 'முடிச்சு இருக்காதுங்க ஐயா' என்றான். 'புத்தகத்தைவிட நீ பெரியவனாடா?' என்றேன். உட்கார்ந்துட்டான்.

"மறுநாள் ஒரு கூட்டைக் கொண்டு வந்து என் மேஜை மேலே வச்சான். பழைய கூடு, குஞ்சு பறந்து போனது. 'முடிச்சு எங்கேங்க ஐயா?' என்று கேட்டான். அவன் கேலியாகக் கேட்கலே தம்பி. எனக்குக் காட்டணும்னு கேட்டான். ஆனா வகுப்பு சிரிச்சுட்டுது. எனக்கு இருபத்தாறு வயசு. பிரம்பை எடுத்தேன். கையிலே நாலு அடி. கூட்டை எடுத்து ஜன்னல் வழியா எறிஞ்சேன். பையன் அழலே. கூடு போய் விழுந்த பக்கமே பார்த்துக்கிட்டுக் கையை நீட்டினான்.

"திங்கட்கிழமை அவன் வரலே. அதற்கப்புறம் வரவே இல்லை. வீடு அரை மைல் தூரம். போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகலே. ஆட்டுக்காரப் பையன்கள் நிற்கிறது சகஜந்தானேன்னு ரிஜிஸ்டரிலே பேரை அடிச்சேன்.

"ரிடையர் ஆகி வீட்டிலே உட்கார்ந்தப்போதான் இந்தக் கொல்லையை நான் முதல் தடவையாப் பார்த்தேன்னு சொல்லணும். ஒரு ஆடி மாசம், இதே கிணற்றடி. குருவி தைக்கிறதைப் பார்த்தேன். முடிச்சு இல்லே. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கலே. அவனைத் தேடினேன். குடும்பமே எப்பவோ ஊரை விட்டுப் போயிருந்தது. எங்கேயோ லாரி ஓட்டறதாச் சொன்னாங்க. எந்த ஊர்னு யாருக்கும் தெரியலே. இப்ப அவனுக்கும் அறுபது தாண்டியிருக்கும்."

உள்ளேயிருந்து அம்மாள் சாப்பிட அழைத்தார். வாத்தியார் எழுந்திருக்கவில்லை.

"உங்க பத்திரிகை எல்லா ஊருக்கும் போகுதில்லே? சலூன்லே இருக்கும், டீக்கடையிலே இருக்கும். அவன் கண்ணிலே ஒருவேளை அந்தத் துணுக்குப் பட்டிருந்தா? மறுபடியும் ஒருத்தன் முடிச்சுன்னு எழுதியிருக்கானேன்னு நினைச்சிருப்பான். அதுதான் கார்டு போட்டேன்."

* * *

ஊருக்குத் திரும்பி வந்து, இன்னும் சில புத்தகங்களைப் பார்த்தேன். இந்தக் குருவியின் விஷயத்தில் பார்க்காமல் எழுதியவன் நான் ஒருவன் மட்டுமல்ல என்று தெரிந்தது. 1769-இல் இதற்கு முதன் முதல் சாஸ்திரீயப் பெயர் சூட்டியவர் தாமஸ் பென்னன்ட் என்ற வேல்ஸ் நாட்டுப் பண்டிதர். அவர் இந்தியாவையோ இலங்கையையோ எட்டிப் பார்த்தவரல்ல. இலங்கையில் டச்சுக் கவர்னராக இருந்த லோட்டன் என்பவர் சேகரித்துக்கொண்டு போன சித்திரங்களை ஆதாரமாக வைத்துப் புத்தகம் போட்டார். உதிர்ந்து கிடக்கும் காய்ந்த இலையைப் பொறுக்கி வந்து, மரத்திலிருக்கும் பச்சை இலையோடு இந்தக் குருவி சேர்த்துத் தைக்கும் என்று எழுதினார். உண்மையில் அது தைப்பதெல்லாம் மரத்திலிருக்கும் பச்சை இலைகளையே. லத்தீனில் இதன் பெயரின் பிற்பாதி செருப்புத் தைப்பவரைக் குறிக்கிற சொல். கிப்ளிங் தம் கீரிப்பிள்ளைக் கதையில் இந்தக் குருவியைக் கொண்டு வந்து 'தர்ஜி' ஆக்கினார். ஹிந்தியில் தர்ஜி என்றால் தையல்காரர். எது எப்படியானாலும், நம்மைப் போல ஊசியும் நூலும் முடிச்சுமாகவே அதைப் பார்க்கப் பலருக்கும் ஆசை. ஜெர்டான் துரை இந்த தேசத்துப் பறவைகளைத் தேடி அலைந்தவர், மகா நிபுணர். அவருக்கே முடிச்சு தெரிந்ததென்றால், தையல் என்றால் முடிச்சு இருந்துதானே ஆகவேண்டும் என்று மனசு முந்திக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும்.

அவர்கள் யாரும் பையன் ஒருவனைப் பிரம்பால் அடிக்கவில்லை. ஆனால் அவர்கள் எழுதியதைப் படித்த வாத்தியார்கள் எத்தனை பேரோ?

இவ்வளவும் தெரிந்த பிறகு, மறு இதழிலேயே திருத்தம் போட்டிருக்க வேண்டும் நான். போடவில்லை. 'மூன்று அங்குலத் துணுக்குக்குத் திருத்தம் எதற்கு, யார் கவனித்தார்கள்?' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தீபாவளி மலர் வேலை வந்தது. பொங்கல் மலர் வேலை வந்தது. வாத்தியார் அரை மைல் போகாமல் இருந்ததைக் கேட்டு மனம் கசிந்த நான், என் மேஜையிலிருந்து அச்சுப் பிரிவு வரை இருபது அடி போகவில்லை.

போன வாரம் ஒரு போஸ்ட் கார்டு வந்தது. அதே கையெழுத்து. கொஞ்சம் நடுக்கம் கூடியிருந்தது. ஒரே வரி.

"இந்த வருஷமும் தைத்துக்கொண்டிருக்கிறது."

வேறொன்றும் இல்லை. திருத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே, அரளிப் புதரிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. இந்தத் தடவை நான் அணிலைத் திட்டவில்லை. பேனாவை எடுத்தேன்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் கொல்லையிலோ, பக்கத்து மனையிலோ, அடர்த்தியான புதர் ஒன்று இருக்கலாம். 'பூச்சி பொட்டு சேரும், வெட்டிவிட்டுக் காம்பவுண்டுச் சுவர் எழுப்பலாம்' என்று ஆலோசனையும் நடந்துகொண்டிருக்கலாம். வாத்தியார் வீட்டிலும் நடக்கிறது. பிள்ளை சுவர் கேட்கிறார், அப்பா வேலி என்கிறார். வெட்டுவதற்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். குறிப்பாக மழை தொடங்குகிற ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் அவசியம் பாருங்கள். இரண்டு இலை கைகூப்பி நின்றால், அந்த ஒரு கிளையையாவது ஒரு மாதம் விட்டு வையுங்கள். கூட்டைத் தொட வேண்டாம். முட்டை இருக்கிறதா என்று இலையைப் பிரித்துப் பார்க்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ வந்து, "புத்தகத்தில் போட்டிருப்பது போல் இல்லையே!" என்று சொன்னால், பிரம்பைத் தேடாமல் கூடப் போய்ப் பாருங்கள்.

இனி, திருத்தம்.

தையல்காரக் குருவி நூலின் நுனியில் முடிச்சுப் போடும் என்று சென்ற வருஷம் இந்தப் பத்திரிகையில் வெளியானது தவறு. அது முடிச்சுப் போடுவதில்லை. துவாரத்தின் வழியே வந்த பஞ்சு உப்பி, தானே பிடித்துக்கொள்கிறது.

1974-இல் செங்கற்பட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஏழாம் வகுப்பில் இதைச் சொன்ன மாணவர் எங்கேனும் இருந்து இதைப் படித்தால், அவருக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்: நீங்கள் சொன்னதுதான் சரி. உங்கள் வாத்தியார் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறார். ஆடி முடிவதற்குள் போனால் நல்லது.